எறிகணைக் கோதில் ஒரு மணிக்கூடு

என்னிடம் படித்து, இப்போது லண்டனில் வேலை செய்யும் ஒருவர் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். பழம்பொருட் கடையொன்றில் எடுத்த படம். பித்தளை எறிகணைக் கோதொன்றின் வயிற்றை வட்டமாக வெட்டி, அதற்குள் சிறிய மணிக்கூடொன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். கீழே கால்களாக நான்கு துப்பாக்கி ரவைகள். "வடிவா இரிக்கி சேர். வாங்கி வீட்டுல வெச்சாப் பிழையா?" என்று கேட்டிருந்தார்.

குளிர்நாட்டு வீடுகளில் கணப்படுப்புக்கு மேலே ஒரு தட்டு இருக்கும். நுவரெலியாவின் பழைய துரைமார் பங்களாக்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தத் தட்டின் நடுவில் மணிக்கூடு வைப்பது அவர்கள் வழக்கம். 1914-1918 யுத்தத்தின்போதும் அதன் பின்னரும் அந்த இடத்துக்கு இத்தகைய மணிக்கூடுகள் நிறைய வந்து சேர்ந்தன. விமானச் சுழலியின் நடுமரத்தில் மணிக்கூட்டைப் பதித்துச் செய்தவையும் உண்டு. இந்த வகை வேலைப்பாடுகளுக்கு 'அகழிக் கலை' என்று பெயர். ஆனால் அகழிக்குள் இருந்து செய்தவை கொஞ்சந்தான். முன்னரங்குக்குப் பின்னால் பட்டறைகளில் இருந்த படையினரும், போர்க்கைதிகளும், பிரான்சுக்குக் கூலிவேலைக்குக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளரும், பெல்ஜிய மக்களும் செய்தவையே அதிகம். யுத்தம் முடிந்தபின் மகனின், கணவனின் புதைகுழியைத் தேடிவந்தவர்கள் அவற்றை விலைகொடுத்து வாங்கிப் போனார்கள்.

என் முதற் பதில் சுலபமாக வந்தது. கொல்லச் செய்த பொருளை நேரம் காட்ட வைப்பது நல்ல காரியந்தானே? அதிலும், கோது பறந்து போய் யாரையும் கொல்வதில்லை. குண்டு போய்விடும், கோது பீரங்கியடியில் மிஞ்சும். அப்படியே எழுதியும் விட்டேன். அனுப்பத்தான் மனம் வரவில்லை. எறிகணையைக் குற்றவாளியாகவும் மணிக்கூட்டை அப்பாவியாகவும் வைத்தல்லவா இந்தப் பதிலைக் கட்டியிருக்கிறேன்? அந்த யுத்தத்தைப் பொறுத்தவரை அது சரிதானா?

1916ஆம் ஆண்டு பிரான்சின் சொம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் படை ஏழு நாட்களாகப் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எறிகணைகளைப் பொழிந்தது. ஜூலை 1ஆந் திகதி தாக்குதல். அதிகாரிகள் தங்கள் கைக்கடிகாரங்களை முன்கூட்டியே ஒன்றோடொன்று சரிபார்த்துக்கொண்டார்கள். காலை 7.30க்கு விசில் ஊதப்பட்டது. அகழிகளிலிருந்து ஆட்கள் எழுந்து நடந்தார்கள். அன்று ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் மாண்டார்கள். எறிகணைகளில் பல வெடிக்கவேயில்லை, முட்கம்பிகள் பல இடங்களில் அறுபடாமலே கிடந்தன. மணிக்கூடு பிழைவிடவில்லை.

அதன் பங்கு இன்னும் தெளிவாகத் தெரிவது யுத்தத்தின் கடைசி நாளில். 1918 நவம்பர் 11, அதிகாலை ஐந்து மணி கடந்த சற்று நேரத்தில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. துப்பாக்கிகள் ஓயவேண்டிய நேரமோ முற்பகல் 11. செய்தி முன்னரங்கு வரை போய்ச்சேர நேரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தி தெரிந்தும் சில தளபதிகள் தாக்குதலை நிறுத்தவில்லை. ஸ்டெனே என்ற ஊரில் படையினர் குளிக்க வசதியுண்டு என்பதற்காக அமெரிக்கத் தளபதியொருவர் அன்று அதைப் பிடிக்க ஆளனுப்பினார். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10.59க்கு ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடினான். திரும்பிப் போகும்படி எதிரிகளே கூவினார்களாம். அகஸ்தின் த்ரெபுஷோன் பிரெஞ்சுக்காரர், ஊரில் ஆடு மேய்த்தவர், வயது நாற்பது. யுத்தம் ஓய்ந்தபின் 11.30க்குச் சாப்பாட்டுக்குக் கூடவேண்டும் என்ற செய்தியைக் கொண்டுபோகும் வழியில், பதினொன்றுக்குச் சில நிமிடங்கள் இருக்கச் சுடப்பட்டார். அவருடைய கல்லறையில் நவம்பர் 10 என்று பொறித்திருக்கிறார்கள். நேரத்துக்கு இவ்வளவு பணிந்தவர்களுக்கு நாளை மாற்றுவது கஷ்டமாக இருக்கவில்லை.

இதை எழுதும் நானும் மணிக்கூட்டின் ஆள்தான். எங்கள் பாடசாலையும் 7.30க்கே தொடங்குகிறது. ஒழுக்கத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்த வருடங்களில் அந்த நிமிடத்தில் கேற்றைப் பூட்டிவிடுவேன். வசதியான வீட்டுப் பிள்ளை பிந்தினால் சிரித்துக்கொண்டே திறந்துவிடுவோரைக் கண்டு வெறுத்துத்தான் மணிக்கூட்டைப் பிடித்தேன். அதற்கு ஹாஜியார் மகனும் ஒன்று, கூலிக்காரன் மகனும் ஒன்று. இன்றும் அந்த நியாயத்தை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன்.

எட்டாந் தரத்துப் பிள்ளையொன்று அடுத்தடுத்து மூன்று நாட்கள் நாலைந்து நிமிடம் பிந்தி வந்தது. மூன்றாம் நாள் இடைவேளை வரை வெயிலில் வெளியே நிறுத்தினேன். காரணம் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும் என்பது எனது எண்ணம். நாலாம் நாள் பிள்ளை வரவில்லை. உம்மா சவூதியில், தம்பிமார் இருவரைக் குளிப்பாட்டித் தீனி கொடுத்து அனுப்பிவிட்டு வருகிற பிள்ளை என்று சக ஆசிரியை ஒருவர் பிறகுதான் சொன்னார். வீடு தேடிப்போய்க் கூப்பிட்டேன். கிழமையில் இரண்டு நாள் வந்தது. அடுத்த தவணையில் அதுவும் இல்லை.

சொம்மில் மாண்டவர்களையும் ஒரு பிள்ளையின் படிப்பையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அன்று வீடு திரும்பும்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்டது, 'நானா பிந்தச் சொன்னேன், நேரம் நேரந்தானே' என்பதுதான். பதினொரு மணி வரை சுடச் சொன்ன தளபதிகளிடம் கேட்டிருந்தால் அவர்களும் இதற்குப் பக்கத்தில்தான் ஏதாவது சொல்லியிருப்பார்கள். ஒருவன் செய்வதை மணிக்கூட்டின் கணக்கில் எழுதிவிடலாம். எறிகணையின் கணக்கில் அப்படி எழுதுவது இலேசல்ல, சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே பதிலை மாற்றி எழுதினேன். வாங்குவது பிழையில்லை, ஆனால் வாங்குமுன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோது செய்த வருடம் குத்தியிருக்கும். வெற்றுக் கோதுகளைத் திரும்பச் சேகரித்து மருந்து நிரப்பிப் பாவிப்பார்கள், அப்படி நிரப்பியதற்கான அடையாளங்களும் இருக்கும். இன்னொன்று, பிராசோ போட்டு அதிகம் தேய்க்க வேண்டாம். அங்கே எத்தனையோ வீடுகளில் தாய்மாரும் விதவைகளும் நாளாந்தம் தேய்த்துத் தேய்த்தே, செதுக்கியிருந்த பெயர்களும் ஊர்களும் அழிந்துபோயின.

நேற்று மறுமொழி வந்தது. வாங்கிவிட்டாராம். அடியில் 1915 என்றிருக்கிறது. நிரப்பிய அடையாளம் மூன்று. மணிக்கூடு ஓடவில்லையாம். திருத்தக் கொடுக்கட்டுமா, அப்படியே விடட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான் இன்னும் எழுதவில்லை.