விடைபெறும் மாணவரும் நினைவின் அறமும்

பள்ளி விடுதியிலேயே தங்கிப் படித்து முடித்து ஊர் திரும்பும் மாணவரின் நினைவுகள், நாள்தோறும் வீட்டிலிருந்து வந்து போன மாணவரின் நினைவுகளைப் போன்றவை அல்ல. வந்து போகிறவருக்குப் பள்ளி என்பது நாளின் ஒரு பகுதி. விடுதி மாணவருக்கோ கண்விழிப்பது, உண்பது, காய்ச்சலில் படுத்திருப்பது, சண்டையிட்டுப் பேசாதிருந்து பின்னர் பேசுவது எல்லாமே அங்கேதான் நிகழ்கின்றன. ஆசிரியரையும் அவர் வகுப்பறையில் மட்டும் காண்பதில்லை. உண்ணும்போதும் சினம் கொள்ளும்போதும் களைத்திருக்கும்போதும் காண்கிறார். எனவே விடைபெறும் நாளில் எழும் கேள்வி வெறும் உணர்ச்சி சார்ந்ததன்று. இத்தனை நெருக்கத்தில் சேர்ந்த நினைவுகளைச் செல்வமாகப் பேணுவதா, பற்று என்று களைவதா, கடன் என்று கருதித் தீர்ப்பதா என்பது அறம் சார்ந்த கேள்வி. ஆசிரியர் இல்லத்திலேயே தங்கிக் கற்கும் குருகுல முறையைக் கல்வியின் இலக்கணமாகக் கொண்டிருந்த இந்தியச் சிந்தனை மரபுகள் இக்கேள்விக்குக் கூறும் விடைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை.

நினைவு என்பது எது என்பதை முதலில் வரையறுத்தாக வேண்டும். அறிவு எவ்வழியில் பிறக்கிறது, எப்போது அதை மெய்யறிவு எனக் கொள்ளலாம் என்பதை ஆராயும் நியாய தரிசனம், ஓர் அனுபவம் மறைந்த பிறகும் ஆன்மாவில் தங்கிவிடும் பதிவைச் சம்ஸ்காரம் என்றும், அப்பதிவு ஒன்றிலிருந்தே எழும் அறிவை ஸ்மிருதி, அதாவது நினைவு என்றும் கூறுகிறது. புதிதாக எதையும் அறிவிக்காமல் முன்பு அறிந்ததையே மீண்டும் தருவதால், அறிவை அளக்கும் கருவியாகிய பிரமாணங்களின் வரிசையில் நினைவுக்கு அம்மரபு இடம் தரவில்லை. மேலும், நினைவிலும் மெய்யானது, பொய்யானது என இரு வகை உண்டென்றும், மூல அனுபவம் எத்தகையதோ அத்தகையதே அதன் நினைவும் என்றும் நியாய ஆசிரியர்கள் கொண்டனர். பழைய மாணவர் கூட்டங்களில் பேசப்படும் நினைவுகள் இனிமையாக இருப்பதனாலேயே உண்மையாகிவிடுவதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

நினைவைத் தூண்டும் காரணங்களை நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இருபதுக்கும் மேலாக அடுக்குகிறது. கவனம், பயிற்சி, அடையாளம், ஒப்புமை, ஒன்றையடுத்து ஒன்று வரும் முறை, பிரிவு, ஒரே வினையில் ஈடுபட்டிருத்தல், இன்ப துன்பம், அச்சம் ஆகியன அவற்றுட் சில. யாரைப் பிரிந்து வருந்துகிறோமோ அவர் நினைவுக்கு வருவார் என்றும், ஒரு தொழிலைச் சேர்ந்து செய்தவருள் ஒருவரைக் கண்டால் மற்றவர் நினைவுக்கு வருவார் என்றும் உரைகாரர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். விடுதி வாழ்க்கை இக்காரணங்கள் ஏறத்தாழ அனைத்தும் ஒருசேரச் செயற்படும் இடம். இரும்புப் பெட்டியின் மூடியில் வெள்ளை வண்ணத்தில் எழுதிய பெயரும் விடுதி எண்ணும் அடையாளமாகின்றன; எழுப்பும் மணி, படிப்பு நேர மணி, சாப்பாட்டு மணி என்ற மாறாத வரிசை, ஒன்றைக் கேட்டால் அடுத்ததை நினைக்கும் பழக்கத்தை உண்டாக்குகிறது; தட்டைக் கழுவக் குழாயடியில் நின்ற வரிசையும், விளக்கணைத்த பிறகு வார்டனின் காலடியோசைக்குப் பேச்சை நிறுத்திய அச்சமும் பதிவை ஆழமாக்குகின்றன. விடுதி நினைவு பிற நினைவுகளைவிட நெடுநாள் நிற்பதற்கு அங்கே நடந்தவற்றின் பெருமை காரணமன்று. அவை மீண்டும் மீண்டும், பலரோடு சேர்ந்து நடந்தன என்பதே காரணம்.

இத்தகைய வலிமை பெற்ற பதிவு மனிதனைக் கட்டிவிடும் என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. உள்ளத்தின் அலைவுகளை ஐந்தாக வகுக்கும் யோக சூத்திரம், மெய்யறிவு, பிறழ்வறிவு, கற்பனை, உறக்கம் ஆகியவற்றோடு நினைவையும் அவற்றுள் ஒன்றாக எண்ணி, அடக்கப்பட வேண்டியவற்றின் கணக்கில் சேர்க்கிறது. இருபதாம் நூற்றாண்டில் இந்த ஐயத்தை மிகக் கூர்மையாக எழுப்பியவர், ஆந்திரத்தின் மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. மொழி, கணிதம், தொழில் போன்றவற்றுக்கு வேண்டிய நினைவை அவர் மறுக்கவில்லை. புகழ்ச்சி, அவமானம், காயம், பெருமிதம் ஆகியவற்றைச் சேமித்து வைத்து அவற்றின் வழியாகவே இன்றைய மனிதரையும் நிகழ்ச்சியையும் காணும் உளவியல் நினைவையே தடை என்றார். அவர் அப்படிச் சொன்னதோடு, மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலியில் ஓர் உறைவிடப் பள்ளி உருவாகவும் காரணமாக இருந்தார் என்பது கருதத்தக்கது. அறுபது வயதிலும் பள்ளி அணித்தலைவராகவே தம்மைக் காணும் ஒருவரையும், அவர் கேலி செய்த சிறுவனாகவே இன்னும் தம்மை உணரும் இன்னொருவரையும் நினைத்துப் பார்த்தால், இந்த எச்சரிக்கையை எளிதில் தள்ளிவிட முடியாது.

குருகுல மரபும் பிரிவைப் பிரிவாகவே நடத்தியது. கல்வி முடிந்து வீடு திரும்பும் சடங்குக்குச் சமாவர்த்தனம் என்று பெயர். மாணவப் பருவத்தின் அடையாளங்களான இடைக்கயிறு, கோல், மான்தோல் ஆகியவற்றை நீக்கி, நீராடி, புத்தாடை உடுத்துவது அதன் சாரம். நீராடி முடித்தவர் ஸ்நாதகர் எனப்பட்டார். இல்லறச் சடங்குகளை விதிக்கும் கிருஹ்ய சூத்திரங்கள் ஸ்நாதகரை மூவகைப்படுத்துகின்றன. பாடத்தை முடித்து நோன்பை முடிக்காதவர் ஒரு வகை. நோன்பை முடித்துப் பாடத்தை முடிக்காதவர் மற்றொரு வகை. இரண்டையும் முடித்தவரே முழுமையானவர். தங்கிப் படிக்கும் கல்வியில் பாடம் ஒரு பாதி மட்டுமே என்பதும், சேர்ந்து வாழ்ந்த ஒழுங்கு மறுபாதி என்பதும் இப்பாகுபாட்டில் அடங்கியுள்ளன. அடையாளங்களைக் களைந்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். ஆயினும் வாழ்ந்து பெற்ற ஒழுங்கு உடன் வர வேண்டும். எதை விடுவது, எதைக் கொள்வது என்பதை யார் தீர்மானிப்பது என்பதே எஞ்சும் கேள்வி.

இதற்கு விடை தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி என்னும் முதற் பகுதியில் கிடைக்கிறது. வேதம் ஓதுவித்த ஆசிரியர், விடைபெறும் மாணவருக்கு அங்கே அறிவுரை கூறுகிறார். வாய்மையையும் அறத்தையும் பற்றிய அறிவுரையும், தாய் தந்தை ஆசிரியர் விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகக் கருதுமாறு சொல்வதும் பலரும் அறிந்தவை. பட்டமளிப்பு விழாக்களில் இன்றும் எடுத்தாளப்படுபவை. அதே உரையில், ஆசிரியர்களாகிய தங்கள் செயல்களுள் நல்லவை எவையோ அவற்றை மட்டுமே பின்பற்றுக என்றும், ஏனையவற்றை விட்டுவிடுக என்றும் பொருள்படும் அறிவுரை அத்தனை கவனம் பெறுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மாணவன் தம் குறைகளையும் கண்டிருப்பான் என்பதை ஆசிரியர் இங்கே ஒப்புக்கொள்கிறார். அவற்றை மறந்துவிடு என்று கேட்காமல், பிரித்தறியும் உரிமையை மாணவன் கையிலேயே ஒப்படைக்கிறார். பேணுவதும் களைவதும் இரண்டே வழிகள் என்ற எண்ணம் இவ்விடத்தில் தகர்கிறது. நினைவு நினைவாகவே இருக்கட்டும். ஆனால் அது தீர்ப்புக்கு உட்படட்டும் என்பதே உபநிடத ஆசிரியரின் நிலைப்பாடு.

இத்தீர்ப்பு எவ்வளவு கடினமானது என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். தேசியக் கல்வியைத் தமிழில் புகட்டும் நோக்கம் கொண்ட அதற்குக் காங்கிரஸ் கட்சியும் பொதுமக்களும் நிதி தந்தனர். அங்கே பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்கிப் பிராமண மாணவர் இருவருக்குத் தனியாக உணவு அளிக்கப்பட்டது வெளியே தெரிந்தபோது, பி. வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. ராமசாமியும் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர். 1924-25இல் அது தமிழக அரசியலையே உலுக்கிய சிக்கலாயிற்று. தேசியக் குருகுலத்தில் எல்லோரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்பதே கிளர்ச்சியாளரின் வாதம். ஒரே குருகுலத்தில் வாழ்ந்திருந்தாலும், பந்தியில் உண்ட மாணவனின் நினைவும் தனியே உண்ட மாணவனின் நினைவும் ஒன்றாக இருக்க முடியாது. இன்னும் சொல்லப்போனால், பழைய குருகுலங்களின் வாயில் பெரும்பாலான மக்களுக்குத் திறக்கவேயில்லை. அவர்களுக்கு நினைவுகூர ஒரு பள்ளிப் பருவமே இல்லாமற்போயிற்று. உபநிடத ஆசிரியர் விட்டுவிடச் சொன்ன ஏனைய செயல்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற வேண்டியதே.

ஒருவரின் அனுபவம் அவர் உட்கார்ந்த இடத்தைப் பொறுத்தது எனும்போது, அவருடைய நினைவு அவரளவில் மெய்யாக இருந்தும் முழுமையற்றதாகவே இருக்கும். அக்குறையை நிரப்பக்கூடியவர் உடன் கற்றவர். தமிழ் இலக்கண மரபு உடன் கற்றவருக்கு உயர்ந்த இடம் அளித்திருக்கிறது. நூலின் முன்னுரையாகிய பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதலாகாது என்று விதிக்கும் நன்னூல், அதை எழுதத் தக்கவர்களாக அவருடைய ஆசிரியர், உடன் பயின்றவர், மாணவர், உரையாசிரியர் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர், அதாவது ஒரே ஆசிரியரிடம் உடன் கற்றவர் என்பது மரபு. தன்னைப் பற்றித் தானே சொல்வதைவிட உடன் கற்றவர் சொல்வது நம்பத்தக்கது என்ற கருத்து இதன் அடியில் உள்ளது. பழைய மாணவர் சந்திப்புக்கும் இதுவே அளவுகோலாகலாம். அங்கே தன் நினைவைச் சொல்லி மகிழ்வதைவிட, தான் கவனிக்கத் தவறியதை, தன்னால் புண்பட்டவர் உட்பட மற்றவர் வாயிலாகக் கேட்டறிவது பயனுடையது.

கல்வியின் கணக்கிலும் நன்னூல் உடன் பயில்வோருக்குப் பங்கு வைக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக உட்கொண்டாலும் கிடைப்பது கால்பங்குப் புலமை; உடன் பயில்வோரோடு பழகுவதால் மேலும் கால்பங்கு; பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு. வடமொழி மரபில் வழங்கும் ஒரு கணக்கு, ஆசிரியர், தன் அறிவு, உடன் மாணவர் ஆகிய மூவழிகளுக்கும் கால்பங்கு கொடுத்து, கடைசிக் கால்பங்கைக் காலத்துக்கு விடுகிறது. இரண்டு கணக்கின்படியும் விடைபெறும் நாளில் கல்வி முடிந்துவிடவில்லை. ஒன்றின்படி, கற்பிக்கும்வரை பாதி பாக்கி. மற்றொன்றின்படி, வாழ்ந்து முதிரும்வரை கால் பாக்கி. பதினேழு வயதில் பொருளற்றதாகத் தோன்றிய ஒரு கண்டிப்பு நாற்பது வயதில் பொருள் பெறலாம். அந்த வயதில் வேடிக்கையாகத் தோன்றிய ஒரு கேலி பின்னர் கொடுமை என்று புரியலாம். பழைய அனுபவம் மாறுவதில்லை. அதைப் பற்றிய தீர்ப்பே முதிர்கிறது.

நினைவைக் கடன் என்று கொள்ளும் கருத்துக்கு இங்கே உரிய பொருள் கிடைக்கிறது. முனிவர், தேவர், முன்னோர் ஆகிய மூவர்க்குமான கடன்களோடு மனிதன் பிறக்கிறான் என்று வேத மரபு கூறுகிறது. அவற்றுள் முனிவர் கடன் கல்வியால் தீர்வது. ஆசிரியருக்குத் தக்ஷிணை கொடுப்பது மரியாதையே தவிர, அதனால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. ஓதுவதையும் ஓதுவிப்பதையும் கைவிடாதே என்று அதே உபநிடத உரை வற்புறுத்துவதால், இக்கடன் வாங்கிய இடத்தில் திருப்பித் தரப்படுவதன்று; அடுத்து வருபவருக்குத் தரப்படுவது. சென்னை மயிலாப்பூரில் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் ஊக்கத்தால் 1905இல் சி. ராமசாமி ஐயங்கார் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம், ஏழை மாணவருக்கு உணவும் உறையுளும் கல்வியும் அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. அத்தகைய இல்லத்தில் படித்தவர் தம்மை வளர்த்தவர்க்கு ஈடு செய்ய இயலாது. தமக்குக் கிடைத்தது இன்னொருவருக்குக் கிடைக்கச் செய்யவே இயலும்.

இவ்வாறு நோக்கும்போது பற்று பற்றிய ஐயமும் தீர்கிறது. தன்னை மட்டும் சுற்றி வரும் நினைவே கட்டுகிறது. கிருஷ்ணமூர்த்தியின் எச்சரிக்கை அதற்கே பொருந்தும். உடன் கற்றவரின் சாட்சியத்தால் திருத்தப்பட்டு, நல்லது, தீயது எனப் பிரிக்கப்பட்டு, பிறருக்குச் செய்யும் செயலாக மாறிய நினைவில் தன்னைப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே விடைபெறும் மாணவரிடம் எதிர்பார்க்க வேண்டியது, பள்ளியை என்றும் மறவேன் என்ற உறுதிமொழியன்று. தாம் அங்கே பெற்ற நன்மையைப் பெறாத ஒருவருக்குத் தருவதும், தாம் அங்கே கண்ட அல்லது செய்த தீங்கு தம் பொறுப்பில் உள்ள இடத்தில் நிகழாமல் தடுப்பதுமே அவர்மீது விழும் கடமை. அதைச் செய்பவர் தம் பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியை மறந்துவிட்டிருந்தாலும், அவர் முழு ஸ்நாதகரே.