உண்மை உரைத்தவனுக்குத் தண்டனையா?

பதினைந்து வயது மாணவன் ஒருவன், தான் கஞ்சா புகைப்பதைப் பள்ளி ஆலோசகரிடம் ஒப்புக்கொள்கிறான் எனக் கொள்வோம். அவர் அதைப் பெற்றோரிடம் உடனே உரைப்பதா, தம் நெஞ்சிலேயே பூட்டி வைப்பதா? பெற்றவரிடம் மறைப்பது வஞ்சனை என்பர் ஒரு சாரார். கேட்டதும் காட்டிக்கொடுத்தால் இனி எந்தப் பிள்ளை வாய் திறப்பான் என்பர் மறுசாரார்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 2018ஆம் ஆண்டு இணைப்பு விதிகள், பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும் என்கின்றன. அவர் செய்வது அறிவுரை மழை பொழிதல் அன்று. எப்போது புகைக்கிறாய், யாரோடு, அதனால் உனக்குக் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று கேட்டு, அவனையே எடைபோட வைத்தல். அதற்குப் பல சந்திப்புகள் வேண்டும். முதல் நாளே செய்தி வீட்டுக்குப் போய்விட்டால் இரண்டாம் சந்திப்பு ஏது?

"செடிதானே!" என்கிறார்கள் பிள்ளைகள். எருக்கும் செடிதான். வளரும் மூளையில் கஞ்சா நினைவாற்றலையும் கவனத்தையும் குலைக்கிறது. சிலருக்கு மனப்பிறழ்வுக்கும் வழிகோலுகிறது.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கடுமையானது. ஆயினும், தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு, சிறு அளவுக் குற்றமாயின், வழக்கிலிருந்து விலக்களிக்க அதன் 64ஏ பிரிவு இடந்தருகிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ, சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. சட்டம் கொடுத்தவனையும் கொண்டவனையும் வேறு பிரித்துக் காண்கிறது. நாம் காண்பதில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழை நீட்டுகிறது. தகப்பன் பெல்ட்டை உருவுகிறார்.

அல்சூரை அடுத்த மர்பி டவுன் போன்ற இடங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டின் கூச்சல் மூன்றாம் வீட்டில் கேட்கும். பிழைக்க வந்த இடத்தில் மானம் போயிற்றே என்ற ஆற்றாமைதான் பல நேரம் அந்த அடியாக இறங்குகிறது. பிள்ளையின் நலம் அங்கே இரண்டாவதுதான்.

இரகசியம் அவனுடையது; வீட்டில் சொல்ல வேண்டியவனும் அவனே என்பது என் கருத்து. ஆலோசகர் அருகிருந்து துணிவூட்டலாம், நாள் குறிக்கலாம். உயிருக்கு ஆபத்து, சித்தக் கலக்கம், பள்ளி வாசலில் விற்பவன் என்றால் மௌனம் செல்லாது. இந்த விலக்குகளை அவன் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பின்னர்ச் சொன்னால் அது பொறி வைத்தல்.

ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில் போதை மீட்புக்கெனத் தனி மையமே உண்டு. மர்பி டவுனிலிருந்து நெடுந்தொலைவும் இல்லை. ஆனால் 1974க்கு முன் அங்கிருந்தது மனநோய் மருத்துவமனை. பெயர் மாறியும் "பைத்தியக்கார ஆசுபத்திரி" என்ற பழஞ்சொல் இன்னும் சிலர் நாவை விட்டு அகலவில்லை. தாய் கிளம்பினாலும், யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று தகப்பன் தயங்குகிறார்.