வலிக்கு யார் அளவு?

"ஊர் உலகத்துல யாருக்கும் வராத கஷ்டமா உனக்கு வந்துடுச்சு?" என்று ஒரு தடவையாவது கேட்காத வீடு நம்மிடையே குறைவு. வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, பெற்றவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்புறம் என்ன வலி? பாசத்தோடுதான் கேட்கிறார்கள். எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தி மாதக்கணக்கில் இந்தக் கேள்விகளுக்கு நடுவே கிடந்தாள். கடைசியில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அங்கே ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள்.

உலகமெங்கும் புழங்கும் பி.எச்.க்யூ-9 என்ற தாள் அது. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, களைப்பு, ஈடுபாடு எப்படியிருந்தன என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடலாம், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் கூர்ந்து விசாரிப்பார். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. வீட்டில் நாங்கள் யாருமே வாய் திறந்து கேட்காத கேள்வி. கேட்டால் அந்த நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படிக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன.

பேனாவை எடுத்தவள் ஒருமுறை சித்தியைப் பார்த்தாள். பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்தக் கேள்விக்கு யாரால் 3 போட முடியும்? எங்களை வெளியே இருக்கச் சொன்ன செவிலியருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

ஆனாலும் அந்தத் தாள், எவ்வளவு வலிக்கிறது என்று நேராகக் கேட்பதில்லை. அதைக் கேட்டவர் அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன். 1949இல் லாஸ் ஏஞ்சலிஸ் மரண விசாரணை அலுவலகத்தின் பழைய கோப்புகளில், தற்கொலை செய்துகொண்டவர்கள் எழுதிவைத்த கடிதங்களை அவர் கண்டார். வாழ்நாள் வேலை அங்கிருந்து தொடங்கியது. 1958இல் நார்மன் ஃபார்பெரோ, ராபர்ட் லிட்மன் ஆகியோருடன் அந்நகரில் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றை நிறுவினார். தற்கொலையின் மையத்தில் இருப்பது நோயின் பெயரல்ல, பொறுக்க முடியாத மனவலி என்று 1993இல் எழுதினார். அந்த வலியை அளக்க ரொனால்ட் ஹோல்டன் குழுவினர் 2001இல் 13 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள்.

ஷ்னைட்மன் சொன்னவற்றில் என்னைப் பிடித்துக்கொண்டது இது: தாங்கும் எல்லை ஆளுக்கு ஆள் வேறு. வலி அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் உயிருக்கு ஆபத்து. அதனால் வலி முழுவதையும் போக்கினால்தான் ஒருவரைக் காப்பாற்ற முடியும் என்றில்லை. எல்லைக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தாலே அவர் உயிரோடு இருப்பார். அப்படியானால் அடுத்த வீட்டாரின் கஷ்டத்தை வைத்து அவளுடைய வலியை எப்படி அளப்பது? அவளுடைய போன மாதத்தைத்தான் இந்த மாதத்தோடு வைத்துப் பார்க்க முடியும்.

மருந்து கொடுத்தார்கள், இரவுப் பணியிலிருந்து மாற்றம் கேட்டு வாங்கினோம், கல்யாணப் பேச்சைச் சித்தப்பா நிறுத்திவைத்தார். பி.எச்.க்யூ-9 தாளில் 20ஆக இருந்த எண் மெல்ல 15க்கு வந்தது. 5 புள்ளி குறைந்தாலே உண்மையான முன்னேற்றம் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். உறவினர் ஒருவர் மட்டும் "இன்னும் பதினஞ்சா?" என்று இழுத்தார். இழுக்கட்டும். அந்த ஐந்து குறைந்த பிறகுதான் அவள் ராத்திரியில் தூங்குகிறாள், பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்கிறாள், தாங்க முடியாத நாளில் எனக்கு போன் செய்து, "அக்கா, இன்னைக்கு ரொம்ப வலிக்குது" என்கிறாள்.