மெதுவாவது சோம்பலா?

மெதுவாக வேலை செய்கிற ஒன்றைச் சோம்பேறி என்று தீர்ப்பு சொல்ல நமக்கு உரிமை உண்டா?

2011-ல் தமிழ்நாடு அரசு மாணவருக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கினது. நம்ம எளாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், "சூடாகுது, இழுக்குது, தூக்கிப் போட்டுடலாம்" என்று சொல்ல நான் கேட்டிருக்கிறேன். சற்றுப் பொறுங்கள்! உள்ளே இருக்கிற பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால், தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது சோம்பல் அல்ல. வெந்துபோகாதபடி தன்னைக் காத்துக்கொள்ளுகிறது.

அப்படியானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? மெத்தைமேல் வைத்தால் காற்றுத் துவாரம் அடைபடும், பலகைமேல் வையுங்கள். ஆஃப் செய்துவிட்டு, துவாரத்துத் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, தேவையில்லாமல் ஓடுகிற புரோகிராம்களை நிறுத்துங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொடாமல், சார்ஜ் போடாமல், மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

பழவேற்காட்டு ஏரியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றின படகு மெதுவாகத்தான் போகும். அதற்குப் படகையா திட்டுவோம்? வீட்டில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறவரையும் யோசித்துப் பாருங்கள். "ஏன் மெதுவா இருக்கே?" என்று கேட்கிறதற்கு முன்னே, "உன்மேல் என்ன பாரம் வைத்தோம்?" என்று கேளுங்கள். தீர்ப்பு அதற்குப் பிறகு வரட்டும்.