பொறுமையும் அடைக்கலமும்

கணவனால் அடிபட்டு நிற்கும் பெண்ணைக் கண்டால் நம்மவர் கூறும் மொழிகள் இரண்டே. ஒரு சாரார், "பொறுத்துக்கொள் அம்மா, பொறுமையே பெண்ணுக்கு அணி" என்பர். மற்றொரு சாரார், "இத்தனை காலம் ஏன் அவ்வீட்டில் இருந்தாய்?" என்று வினவுவர். முன்னது உபதேசம், பின்னது விசாரணை. இரண்டும் அவளுக்கு ஒரு வேளைச் சோறோ, ஓர் இரவு அச்சமின்றி உறங்க இடமோ தருவதில்லை. ஆகவே, பொறுமை என்பது எப்பொழுது அறமாகும் என்பதை நாம் சற்று நிதானித்துச் சிந்தித்தல் வேண்டும்.

பொறுமை நற்குணமே, இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், திருப்பி அடிக்க வல்லவன் அடங்கி நின்றாலன்றோ அது பொறுமையாகும்? வெளியேற வழியிருந்தும் விரும்பித் தங்கினாலன்றோ அது அன்பாகும்? பூட்டிய அறைக்குள் இருப்பவனை நோக்கி, "இவன் எவ்வளவு அமைதியாக இருக்கிறான்!" என்று வியப்பது அறிவுடைமையாகாது. போக்கிடமற்ற பெண்ணின் மௌனத்தைப் பொறுமையென்று புகழ்வதும் அத்தகையதே.

இந்நாட்டுத் தமிழருக்கு இவ்வுண்மை புதிதன்று. தோட்டத்து லயம் தொழிலாளிக்குச் சொந்தமாயிருந்ததில்லை. வேலையோடு வந்த வீடு வேலையோடு போயிற்று. பிறந்தகமோ பலருக்குக் கடலுக்கு அப்பால் இருந்தது. புருஷனை விட்டுப் புறப்பட்ட பெண், கூரையையும் பிழைப்பையும் பிள்ளைகளின் பள்ளியையும் ஒருங்கே இழக்க நேர்ந்தது. ஒரு பலகைச் சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் இரவெல்லாம் அடியோசை கேட்டனர். விடிந்ததும் ஒன்றும் அறியாதார் போல் பிரட்டுக்குச் சென்றனர். இன்று தோட்டங்கள் பல மறைந்தன. நம்மவர் நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறினர். பலகைச் சுவர் கற்சுவராயிற்று, "புருஷன் பெண்சாதி சண்டையில் நமக்கென்ன வேலை?" என்னும் பேச்சு மட்டும் மாறவில்லை.

சட்டம் இப்பேச்சை ஏற்கவில்லை. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் அமலுக்கு வந்தது. 2018 முதல் சமூகநல அதிகாரியே 7 நாட்களுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு அளிக்கலாம். சிங்கப்பூரில் மாதர் சாசனத்தின் கீழ் நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு வழங்குகிறது. இவை பெரும் பேறே. ஆயினும், உத்தரவைக் கையில் ஏந்திய பெண் அன்றிரவு தன் பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பாள்?

இவ்வினாவுக்கு விடையே அடைக்கல இல்லம். மலேசியாவில் விமன்ஸ் எய்ட் ஆர்கனைசேஷன் என்னும் பெண்கள் சங்கம் 1982 முதல் இத்தகைய இல்லத்தை நடத்தி வருகிறது. சிங்கப்பூரில் ஸ்டார் ஷெல்டர் 1999-இல் தோன்றியது. இல்லத்தின் முகவரி இரகசியமாகக் காக்கப்படும். ஏனெனில், பெண் வெளியேறிய பின்னரே ஆபத்து மிகுவதுண்டு. அங்கே உணவும் படுக்கையும் மட்டுமன்றி, போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் வழிகாட்டவும், பிள்ளைகளின் படிப்பையும் அவளது பிழைப்பையும் பற்றி யோசனை கூறவும் ஆள் உண்டு.

"பிள்ளைகளுக்காகவேனும் பொறுத்திருக்கலாகாதா?" என்பர். பிள்ளைகள் செவிடரல்லர். அடிப்பது ஆண்மை, அடிபடுவது பெண்மை என்னும் பாடத்தை நாள்தோறும் வீட்டிலே படிக்கும் சிறுவன், பள்ளியில் எந்த நீதியைக் கற்றுப் பயன் என்ன? "இல்லங்கள் குடும்பத்தைக் கலைக்கும்" என்றும் கூறுவர். ஆஸ்பத்திரி இருப்பதால் நோய் பெருகிற்று என்பார் உண்டோ? குடும்பத்தைக் கலைத்தது ஓங்கிய கை. அடைக்கலம் தந்த கதவன்று.

புகலிடம் பெற்றவள் சில நாளில் கணவனிடமே திரும்புதலும் உண்டு. பயமும் பாசமும் பணமின்மையும் அவளைப் பின்னே இழுக்கும். அப்பொழுது, "இவளுக்கு உதவி வீண்" என்று முகம் திருப்புவது எளிது. மறுமுறை வந்தாலும், அதற்கு மறுமுறை வந்தாலும், கேள்வி கேளாமல் கதவைத் திறப்பதே அடைக்கலத்தின் அறம். தங்குவதும் பிரிவதும் அவள் துணிய வேண்டியவை. துணிவதற்கு இடமளிப்பது நமது கடமை.

அக்கடமை பெரிதன்று. அயலாள் ஒருத்தியின் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் நம் பெட்டியில் வைத்துக் காக்கலாம். டாக்சிக் கூலி கொடுக்கலாம். மலேசியாவில் 15999, சிங்கப்பூரில் 1800-777-0000 என்னும் தொலைபேசி எண்களைப் பெண்கள் கூடுமிடத்தில் எழுதி ஒட்டலாம். நம் சங்கங்கள் ஆண்டு விழாச் செலவில் ஒரு பங்கை இவ்வில்லங்களுக்கு அனுப்பலாம். இவற்றுள் ஒன்றேனும் செய்தவரே, அடிபட்ட பெண்ணிடம் பொறுமையைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர். செய்தவரோ, அதனைப் பேசவே மாட்டார்.