வேலை வைத்தது யார்?

கருவியின் பெயர் ‘கிரியேட் டாஸ்க்’. ஒரு வேலையை உருவாக்கு என்று அர்த்தம். ஆபீஸில் யாருக்கு என்ன வேலை, என்றைக்குள் முடிக்கவேண்டும் என்றெல்லாம் குறித்துவைக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா? 2002-ல் வந்த ஜிரா, 2008-ல் தொடங்கிய ஆசனா மாதிரி. (முன்னதன் பெயர் காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரிலிருந்து எடுத்தது. பின்னது நம்ம யோகாசனம்தான். ராட்சசனும் ஆசனமும்! ஆபீஸ் வாழ்க்கையைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள்.) இவற்றில் ஒரு மனிதர் உட்கார்ந்து டைப் அடித்து வேலையைச் சேர்ப்பதுதான் வழக்கம். இப்போது ஏ.ஐ. ஏஜென்டும் சேர்க்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டதற்குப் பிறகு, இந்த மாதிரி இணைப்புகள் ரொம்பச் சுலபமாகிவிட்டன.

ஏஜென்டுக்கு அந்தக் கருவியைப் பற்றி யாராவது எழுதித் தரவேண்டும். பெரிய புத்தகம் ஒன்றும் இல்லை, சில வரிகள். வேலையின் தலைப்பு, விவரம், யார் பெயரில், கெடு தேதி, எந்த புராஜெக்ட். எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது. விசேஷம் என்னவென்றால், இதைப் படிக்கப்போவது ஏஜென்ட். அது எழுதியதைப் பார்த்து நடக்கும், எழுதாததை ஊகிக்கும். ஆபீஸில் இரண்டு ரமேஷ் இருந்தால் எந்த ரமேஷ் என்று கேட்கச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஏதோ ஒரு ரமேஷுக்கு அன்றைக்கு ராசிபலன் சரியில்லை.

லிஃப்ட் பொத்தானைப் பத்து தடவை அமுக்கினாலும் லிஃப்ட் ஒரு தடவைதான் வரும். டீக்கடையில் பத்து தடவை ‘ஒரு டீ’ என்று சொல்லிப் பாருங்கள், பத்து டீ வரும். ‘கிரியேட் டாஸ்க்’ டீக்கடை ஜாதி. நெட்வொர்க் மந்தமாகி பதில் வராமல், ஏஜென்ட் இன்னொரு தடவை கேட்டால் அதே வேலை இரண்டாக முளைத்துவிடலாம். எனவே, திரும்ப அழைத்தால் கூடுதல் விளைவு உண்டா என்று தெரிவிக்க அந்த நெறிமுறையில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

என்னை யோசிக்கவைத்தது பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு குறிப்பு. ‘இந்தக் கருவி நாசம் விளைவிக்கக்கூடியதா?’ இருக்கிற எதையும் அழிக்காமல், புதிதாகச் சேர்க்க மட்டுமே செய்தால் ‘இல்லை’ என்று போட்டுவிடலாம். வேலையை உருவாக்குவது சேர்த்தல்தானே? ஆக, நாசமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. உங்கள் போன் ‘டிங்’ என்கிறது. திங்கள் காலைக்குள் மூன்று மாதக் கணக்கை ஒப்பிட்டுத் தரவேண்டும், பொறுப்பு உங்களுடையது. டேட்டாபேஸில் ஒரு எழுத்துகூட அழியவில்லை, வாஸ்தவம். பையனை பீச்சுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தீர்களே, அது எந்த டேட்டாபேஸிலும் இல்லை.

சரி, இந்த வேலையை வைத்தது யார்? பெரும்பாலும் உங்கள் மேனேஜரின் பெயர்தான் இருக்கும். ஏஜென்ட் அவர் கொடுத்த அனுமதியில்தான் உள்ளே நுழைகிறது. ஆனால் அவர் சொன்னதெல்லாம், ‘இன்னிக்கு மீட்டிங்ல பேசினதைப் பார்த்து வேண்டியதைச் செஞ்சுடு’ என்று ஒரு வரி. கணக்கு, திங்கட்கிழமை, உங்கள் பெயர் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

நான் பி.காம். ஆசாமி. மெர்க்கன்டைல் லா பேப்பருக்கு என்.டி. கபூரை உருப்போட்டுத் தேறியவன். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்சிக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. 184-வது பிரிவு சுவாரஸ்யமானது. வெளியாரைப் பொறுத்தவரை யார் வேண்டுமானாலும் ஏஜென்டாக இருக்கலாம், மைனர் பையன்கூட. ஆனால் அந்தப் பையனை முதலாளி பொறுப்பாக்க முடியாது. விவரம் தெரியாத பிள்ளையைக் கடைக்கு அனுப்பினீர்களா, அவன் வாங்கிவந்த சாமானுக்கு நீங்கள்தான் காசு கொடுக்கவேண்டும். சட்டம் பேசுவது ‘நபர்’களைப் பற்றி, மென்பொருள் நபர் இல்லை. எனவே பிரிவு அப்படியே பொருந்தாது. அதிலுள்ள நியாயம் பொருந்துகிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

மென்பொருள் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ‘மனுஷங்க மட்டும் என்ன யோசிச்சா வேலை வைக்கிறாங்க? வெள்ளிக்கிழமை ராத்திரி மெயில் தட்டிட்டுத் தூங்கப் போறவங்க எத்தனை பேர்! ஏஜென்ட் தேதியாவது ஒழுங்காப் போடும்.’

அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி எங்கே இடிக்கிறது என்றால், அப்படி மெயில் தட்டுகிறவருக்கும் ‘பாவம், போன வாரமும் இவர் தலையிலதான் கட்டினோம்’ என்று ஒரு கணம் கை தயங்கும். அடுத்த நாள் காபி மெஷின் பக்கத்தில் உங்கள் முகத்தில் முழிக்கவேண்டுமே! இந்தத் தயக்கம்தான் பல வேலைகளைப் பிறக்காமலேயே தடுத்துவந்திருக்கிறது. நீங்களும், ‘சார், கையில ஏற்கெனவே நாலு இருக்கு’ என்று அவரிடம் போய் நிற்கலாம். ஏஜென்டுக்குக் காபியும் இல்லை, முகமும் இல்லை. அதற்கு ஒரு வேலை வைப்பதும் ஒன்றுதான், நாற்பது வைப்பதும் ஒன்றுதான்.

ஆகவே அந்தத் தயக்கத்தை வேறு யாராவது எழுத்தில் போட்டாகவேண்டும். நெறிமுறையைப் போட்டவர்களும், இடையில் ஒரு மனிதர் இருக்கவேண்டும், வேண்டாம் என்று மறுக்கும் வசதி அவருக்கு இருக்கவேண்டும் என்கிறார்கள். ஆனால் அந்த மனிதர், வேலை வைக்கச் சொன்னவர். வேலையைச் செய்யப்போகிறவரை யாரும் கேட்கவில்லை. அவருக்காக ஒரு வார்த்தை பேச வாய்ப்புள்ள முதல் ஆள், கருவிக்கு விளக்கம் எழுதுகிறவர். அவரை இவர் பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை. ‘அடுத்தவர் பெயரில் போடுமுன் கேள். கெடு தேதியை நீயாகக் கற்பனை செய்யாதே’ என்று எழுதலாம். எழுதாவிட்டாலும் கருவி வேலை செய்யும், சம்பளம் வரும். எழுதுவது இவருடைய கடமை என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் எழுதினால் இன்னொரு வரியும் சேர்ப்பேன். யார் என்று சொல்லப்படாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடு. அப்புறம் திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் திரையைப் பார்த்து, ‘இதை யாரு பார்க்கிறீங்க?’ என்று கேட்பார். எல்லாரும் குனிந்து செல்போனைப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் மெல்ல, ‘எப்போ சார் வேணும்?’ என்பார்.