ஐம்பதும் பதினைந்தும்

காலை டிபன். மூன்று வடை, ஒரு காபி. வடை 12 ரூபாய், காபி 20. கல்லாவில் இருந்தவர் கால்குலேட்டரில் முதலில் 3 × 12 தட்டினார், பிறகு இருபதைக் கூட்டினார். 56. எதை முதலில் செய்வது என்று பள்ளியில் சொல்லித்தரும் போட்மாஸ் விதி அவருக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. காபியை முதலில் தட்டி, மூன்றைக் கூட்டி, பன்னிரண்டால் பெருக்கியிருந்தால் அந்தப் பெட்டி 276 காட்டியிருக்கும். அது அவர் விரலுக்குத் தெரியும்.

*

கடைக் கால்குலேட்டர் வந்ததை வந்த இடத்திலேயே முடித்துவிடும். 2 + 3 × 4 என்று தட்டினால் 20. அதையே செல்பேசியில் தட்டினால் 14. இரண்டிலும் பழுதில்லை. செல்பேசி, கூட்டல் குறியைக் கண்டதும் கூட்டிவிடாமல், பின்னால் பெருக்கல் வருகிறதா என்று பார்க்கிறது. பொறுமை என்று எழுதப் போனேன். வேண்டாம், அது வெறும் நிரல்.

*

பள்ளியில் போட்மாஸை மந்திரம் மாதிரி ஒப்பித்தோம். பிராக்கெட், ஆஃப், டிவிஷன், மல்டிப்ளிகேஷன், அடிஷன், சப்ட்ராக்‌ஷன். அதை நம்பி 12 − 5 + 3-க்கு 4 என்று எழுதினேன். எழுத்து வரிசையில் கூட்டல்தானே முன்னால் நிற்கிறது! ஐந்தையும் மூன்றையும் கூட்டி, பன்னிரண்டில் கழித்தேன். சிவப்பு மையில் ஒரு சுழி விழுந்தது. விடை 10. கூட்டலும் கழித்தலும் ஒரே படியில் இருப்பவை, இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மந்திரம் வேறு: 'பெம்டாஸ்'. அதில் பெருக்கல் வகுத்தலுக்கு முன்னால் நிற்கிறது, நம்முடையதில் பின்னால். ஆனாலும் 24 ÷ 4 × 2-க்கு இரண்டு நாட்டிலும் விடை 12தான். இது தெரிந்த அன்றைக்குப் பழைய சுழி கொஞ்சம் ஆறியது.

*

பெருக்கல் ஏன் முதலில்? ஊர் கூடிப் போட்ட ஒப்பந்தம் என்பார்கள். ஒப்பந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் வடைக் கணக்கைப் பார்த்தால் காரணமும் இருக்கிறது. இருபது என்பது ரூபாய். மூன்று என்பது வடையின் எண்ணிக்கை. ரூபாயோடு வடையைக் கூட்டி 23 என்றால் அது 23 என்ன? பெருக்கி முடித்து 36 ரூபாய் ஆன பிறகுதான் காபியின் பக்கத்தில் உட்கார வைக்க முடியும்.

*

இன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது நம் பழைய எண்களை.

௫௰ ஐம்பது. ௰௫ பதினைந்து.

அதே இரண்டு எழுத்துகள். பத்துக்கு இடப்பக்கம் ஐந்து நின்றால் பெருக்கல், வலப்பக்கம் நின்றால் கூட்டல். பழைய முறையில் சுழியத்துக்குக் குறி இல்லை. கூட்டு, பெருக்கு என்று சொல்லவும் குறி இல்லை. ௩௱௪௰௫ என்றால் மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து. அடைப்புக்குறி ஒன்றுகூடக் கிடையாது, யாருக்கும் சந்தேகமும் வராது.

வாயால் சொல்லும்போதும் இதே கதை. 'இருபத்து நான்கு' என்று கேட்டதும் இரண்டையும் பத்தையும் பெருக்கி, நான்கைக் கூட்டிக்கொள்கிறோம். பத்தையும் நான்கையும் முதலில் சேர்த்து, இரண்டு பதினான்கு, ஆக 28 என்று புரிந்துகொண்ட குழந்தையை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் போகுமுன்பே வரிசை நாக்குக்கு வந்துவிடுகிறது.

*

'மூன்றைப் பன்னிரண்டால் பெருக்கி, இருபதைக் கூட்டு.' எண்கள் முன்னே, வினை பின்னே. 'பெருக்கி' என்ற எச்சம் முடிந்தால்தான் 'கூட்டு' வரும். தமிழில் சொன்னால் எது முதலில் என்ற கேள்வியே எழுவதில்லை. குறிகளால் எழுதும்போதுதான் எழுகிறது. 1972-இல் எச்.பி.-35 என்றொரு கையடக்கக் கால்குலேட்டர் வந்தது. அதிலும் எண்களைக் கொடுத்துவிட்டுக் குறியைக் கடைசியில் அழுத்த வேண்டும். அடைப்புக்குறிப் பொத்தான் இல்லை, சமக்குறிப் பொத்தானும் இல்லை. அமெரிக்கர்கள் பழகத் திணறியிருப்பார்கள். நமக்கு அது வீட்டுப் பேச்சு.

*

2019-இல் இணையத்தில் அடித்துக்கொண்டார்களே, 8 ÷ 2(2 + 2). பாதிப்பேர் 16, பாதிப்பேர் 1. இடமிருந்து வலம் போனால் 16. 2(2 + 2) குறியில்லாமல் ஒட்டி நிற்பதால் அது ஒரே பொட்டலம் என்று எடுத்துக்கொண்டால் 1. அப்படி எடுத்துக்கொள்ளும் வழக்கமும் கணிதப் புத்தகங்களில் உண்டு. எனக்கு முதலில் 16 வந்தது. இப்போது எந்தப் பக்கமும் சேரத் தோன்றவில்லை. தப்பு கேள்வியை எழுதியவருடையது. 16 வேண்டுமானால் (8 ÷ 2)(2 + 2) என்று எழுதுங்கள். 1 வேண்டுமானால் 8 ÷ (2(2 + 2)).